கக்கூசு: ஓர் ஒல்லாந்தச் சொல் நம்மிடம் வந்த வழி

(சிலாபத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளை மேடையில் காப்பியம் பேசலாம், பக்தி இலக்கியம் பேசலாம், தலபுராணம் பேசலாம். முன்னேசுவரம் கோயிலுக்கு இவ்வளவு அருகில் நின்றுகொண்டு அவற்றைப் பேசாமல் விடுவது எளிதன்று. ஆனாலும் நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல். அவையில் உரக்கச் சொல்ல எவரும் கூசுகிற சொல். கக்கூசு.

நம் இலக்கணிகள் இப்படிப்பட்ட சொற்களை அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பியர் இவற்றை அவையல்கிளவி என்றார். நன்னூலார் இடக்கரடக்கல் என்று ஒரு வழக்கையே வகுத்துத் தந்தார். வயலுக்குப் போனேன், கொல்லைக்குப் போனேன், கால் கழுவி வந்தேன் என்று நம் பெரியவர்கள் சொன்னதெல்லாம் அந்த வழக்கில் வந்தவைதான். அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். இன்று ஒரு மாலைக்கு மட்டும் அதை விலக்கிவைக்க அவையோர் அனுமதிக்க வேண்டும். இந்தச் சொல்லின் வரலாற்றில் இந்தக் கரையின் வரலாறு அடங்கியிருக்கிறது. நம் சமூகம் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு கேள்வியும் அதில் இருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. இது ஒல்லாந்த மொழிச் சொல். ‘கக்’ என்றால் மலம். ‘ஹௌஸ்’ என்றால் வீடு. இரண்டும் சேர்ந்தால் ‘கக்ஹௌஸ்’. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இச்சொல்லை ஒல்லாந்த மூலத்தோடு பதிந்து வைத்திருக்கிறது. ‘கக்கு’ என்ற தமிழ் வினையிலிருந்து இது பிறந்ததென்று கருதுவோர் உண்டு. குழந்தைகளிடம் நாம் சொல்லும் ‘கக்கா’வைக் காட்டுவோரும் உண்டு. மழலைச் சொற்கள் உலகமெங்கும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இலத்தீன் மொழியிலும் இதே ஒலியில் ஒரு வினை உண்டு. ‘கக்கா’ நம் வாயில் முன்பே இருந்ததால் அந்நியச் சொல் தடையின்றி ஒட்டிக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். பிறப்பிடம் அதுவாகாது.

‘ஹௌஸ்’ எப்படி ‘கூசு’ ஆயிற்று என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இன்றைய ஒல்லாந்த மொழியில் வீட்டைக் குறிக்கும் சொல்லின் உயிரொலி விரிந்து ஒலிக்கிறது. பழைய காலத்தில் அது ‘ஹூஸ்’ என்பதற்கு நெருக்கமாக இருந்தது. ஒல்லாந்தின் தென்மேற்கில் சீலாந்து என்றொரு கடலோர மாகாணம் உண்டு. அங்குள்ள பேச்சுவழக்கில் அந்தப் பழைய உயிர் இன்றும் அழியவில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு கிளைகளில் ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்த பெரிய கிளை சீலாந்தின் மிடில்பர்க் நகரத்தில்தான் இருந்தது. அந்த மாகாணத்து மாலுமிகளின் நாவிலிருந்த ‘ஊ’வே நம் கக்கூசில் ஒலிக்கிறது என்பது என் கணிப்பு. இந்தோனேசியரும் ‘ககூஸ்’ என்றே சொல்கிறார்கள். இரு நாட்டாரும் தனித்தனியே ஒரே விதமாகத் தவறிக் கேட்டிருக்க வழியில்லை. கேட்டதைத்தான் சொன்னார்கள்.

ஒல்லாந்தரிடம் இதைவிட நாகரிகமான சொற்கள் இல்லாமலில்லை. மறைவிடம் என்று பொருள்படும் ஒரு சொல் அவர்களிடம் இருந்தது. வசதி என்று பொருள்படும் இன்னொன்றும் இருந்தது. மரியாதைப்பட்ட வீடுகளில் அவற்றைத்தான் சொல்லியிருப்பார்கள். கக்ஹௌஸ் முரட்டுச் சொல், கப்பல்தளத்துச் சொல். இன்றைய நெதர்லாந்தில் ஒரு விருந்தில் அதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒல்லாந்த மொழியின் வழிவந்த ஆப்பிரிகான்ஸில் ‘கக்’ என்பது தெருவில் வீசியெறியும் வசைச் சொல்.

அப்படியானால் அந்த நாகரிகச் சொற்கள் நம் கரையில் ஏன் தங்கவில்லை? முரட்டுச் சொல் மட்டும் ஏன் தங்கியது?

விடை எளியது. நம்மவரோடு பேசியவர்கள் யார் என்று பார்த்தால் போதும். ஆளுநர் நம்மவரோடு பேசவில்லை. அவர் கட்டளை முதலிமார் வழியாகவும் துபாஷிகள் வழியாகவும் வந்தது. பேசியவர்கள் மாலுமிகள், சிப்பாய்கள், தச்சர்கள், சமையற்காரர்கள். கம்பனிச் சிப்பாய்களில் ஒல்லாந்தரல்லாத ஐரோப்பியரும் ஏராளம். ஜெர்மானியர் மிகப் பலர். அவர்கள் கற்றதே முகாம் ஒல்லாந்தம்தான். அவர்களோடு பேசிய நம்மவர்கள் லஸ்கரின் எனப்பட்ட உள்ளூர்ப் படையாட்கள், சுமைகாரர்கள், வீட்டு வேலையாட்கள், அடிமைகள். கொழும்பில் கம்பனியின் அடிமைகள் வாழ்ந்த இடத்தை ஆங்கிலேயர் அடிமைத் தீவு என்றார்கள், தமிழர் கொம்பனித்தெரு என்றார்கள். கோட்டை வீடுகளில் தண்ணீர் சுமந்ததும் அடுப்பெரித்ததும் அவர்கள்தாம். வீட்டுக் கழிவைச் சுமந்ததும் அவர்களாகவே இருந்திருப்பார்கள். ‘அங்கே போய்ச் சுத்தம் செய்’ என்று எசமான் கைநீட்டிச் சொல்லும்போது அவன் வாயில் எந்தச் சொல் வருமோ அதுவே வேலையாளின் காதில் விழும். அது முரட்டுச் சொல் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் யாருக்கும் இருக்கவில்லை. பொருள் மட்டும் வந்தது, முரட்டுத்தனம் கப்பலிலேயே நின்றுவிட்டது.

இந்தக் கரைக்கு அவர்கள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். கம்பனி 1602இல் தொடங்கியது. 1638இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு உடன்படிக்கை செய்தது. 1640இல் காலி, 1656இல் கொழும்பு, 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசர் கையிலிருந்து அவர்கள் கைக்கு மாறின. நீர்கொழும்பு 1640இல் கிடைத்து, நழுவி, 1644இல் மீண்டும் கிடைத்தது. 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். நீர்கொழும்புக் கோட்டைக்கும் கற்பிட்டிக் கோட்டைக்கும் இடைப்பட்ட கரை நம்முடையது. புத்தளமும் சிலாபமும் கண்டியரசுக்குக் கடல்வாசலாக இருந்தவை. அந்த வாசலை அடைப்பதே ஒல்லாந்தரின் நோக்கம். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு தீவின் கரை முழுவதும் அவர்கள் வசமாயிற்று. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் வரை கழிகளை இணைத்துச் சென்ற அவர்களுடைய வாய்க்கால் தடத்தை இன்றும் பார்க்கிறோம். கறுவாவும் பாக்கும் ஏற்றிய படகுகள் அதில் போயின. படகோட்டிகள் நம் ஊர்க்காரர்கள். படகைச் சோதித்தவன் கம்பனிக்காரன். அந்தத் துறைகளில் சொற்கள் கைமாறின.

இதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. அதை விரித்துச் சொல்ல எனக்கு ஆசை.

நம் வீட்டுப் பாட்டிமார் பேச்சில் இருந்த ஆறு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். கந்தோர், நொத்தாரிசு, லாச்சி, போஞ்சி, துட்டு, கக்கூசு. அஞ்சற் கந்தோருக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். காணி உறுதி எழுத நொத்தாரிசிடம் போவார்கள். உறுதியை மேசை லாச்சியில் வைப்பார்கள். போஞ்சிக்காய் ஆய்வார்கள். கையில் துட்டு இல்லை என்பார்கள். ஆறும் ஒல்லாந்தரிடமிருந்து வந்தவை. இனி யகார்த்தாவில் ஒரு பாட்டியைக் கேளுங்கள். அலுவலகம் அவருக்குக் ‘கந்தோர்’, ஒலியில் சிறு வேறுபாடு மட்டும். உறுதி எழுதுபவர் ‘நோத்தாரிஸ்’. மேசை இழுப்பறை ‘லாச்சி’. அவரைக் குடும்பத்துக் காய் ‘புஞ்சிஸ்’. பணம் ‘துயித்’. ஒதுங்கும் இடம் ‘ககூஸ்’. சிலாபத்துக்கும் யகார்த்தாவுக்கும் நடுவே இந்துமாக்கடல் கிடக்கிறது. இரு பாட்டிமாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. 1619இல் பத்தாவியா என்று பெயர் சூட்டிக் கம்பனி தலைமையிடமாக்கிய நகரம்தான் இன்றைய யகார்த்தா. ஒரே கப்பல்கள் அங்கும் இங்கும் போய்வந்தன. ஒரே மாலுமிகள் இரண்டு கரைகளிலும் இறங்கினார்கள்.

வரைபடத்தில் கக்கூசு என்ற சொல் வழங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனால் கம்பனியின் கோட்டைகள் நின்ற இடங்களுக்கே வந்து சேர்வோம். மலையாளத்தில் ‘கக்கூஸ்’: கொச்சி 1663 முதல் 1795 வரை ஒல்லாந்தர் வசம் இருந்தது. சிங்களத்தில் ‘கக்குஸ்ஸிய’. தமிழ்நாட்டில் இச்சொல் கடற்கரையில் தொடங்கி உள்நாடு முழுதும் பரவியிருக்கிறது: பழவேற்காட்டில் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை, 1658 முதல் 1781 வரை அவர்களிடம் இருந்த நாகப்பட்டினம், 1658இல் பிடித்த தூத்துக்குடி. எழுதிவைத்த ஆவணம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும், இந்தச் சொற்களை வைத்தே கம்பனி எங்கெங்கே குடியிருந்தது என்று சொல்லிவிட முடியும்.

கந்தோரும் போஞ்சியும் லாச்சியும் தமிழ்நாட்டில் வழங்கவில்லை. இலங்கையில் வழங்குகின்றன. துட்டும் கக்கூசும் இரு கரையிலும் வழங்குகின்றன. இதற்குக் காரணம் உண்டு. கந்தோரும் நொத்தாரிசும் ஆட்சிச் சொற்கள். இலங்கையில் ஒல்லாந்தர் காணிப் பதிவேடு எழுதினார்கள், நீதிமன்றம் நடத்தினார்கள். 1707இல் யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையைக்கூட அவர்களுடைய அதிகாரி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். தமிழ்நாட்டில் அவர்கள் பெரும்பாலும் வணிகக் கோட்டைகளோடு நின்றார்கள். ஆகவே அங்கே தங்கியவை சந்தைக்குப் போன காசும் கோட்டையின் பின்புறத்து அறையும்தான்.

இன்னொன்றையும் நினைத்துப்பாருங்கள். ஒல்லாந்தர் நமக்குக் கற்பிக்க விரும்பியவை வேறு. நல்லூரில் 1690இலும் கொழும்பில் 1696இலும் குருமடங்கள் நிறுவினார்கள். 1737இல் கொழும்பு அச்சகத்திலிருந்து முதல் சிங்கள நூல் வெளிவந்தது, தொடர்ந்து தமிழ் நூல்களும் வந்தன. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய போதகர் பல்டேயுஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட பெருநூலில் தமிழ் எழுத்துகளையே ஐரோப்பியருக்குக் காட்டினார். பள்ளி, பிரசங்கம், வினாவிடை என்று எவ்வளவோ உழைத்தார்கள். அவர்களுடைய சபைச் சொற்களில் எத்தனை இன்று நம் நாவில் இருக்கின்றன? நானறிய மக்கள் பேச்சில் ஒன்றும் நிலைக்கவில்லை. குறிப்பாக இந்தக் கரையில் நிலைக்கவில்லை. கத்தோலிக்கத்தை அவர்கள் தடைசெய்தார்கள். ஆனால் 1687இல் மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளைப் போன்றோரின் உழைப்பால் இங்குள்ள கத்தோலிக்கம் தழைத்தது. அடிகள் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வந்தும் பணிசெய்தவர். 2015இல் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அதனால் பாதிரி, குருசு, நத்தார் என்று போர்த்துக்கீசரின் வழிபாட்டுச் சொற்கள் நம்மோடு இருக்கின்றன. ஒல்லாந்தர் பலகையில் எழுதிக் கற்பித்தவை போய்விட்டன, வேலையிடத்தில் காதில் விழுந்தவை நின்றுவிட்டன. மொழி வேலை நடக்கும் இடத்தில்தான் கைமாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கக்கூசு நிலைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது ஒரு புதிய பொருளோடு வந்தது. வெளிக்குப் போவது நம் வழக்கம். கரையூர்களில் கடற்கரைக்கும் கழியோரத்துக்கும் போவார்கள், உள்ளூர்களில் பனங்காட்டுக்கும் கொல்லைக்கும் போவார்கள். அநுராதபுரத்துத் துறவியர் மடங்களில் சிற்பவேலையோடு கூடிய சிறுநீர்க் கற்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. அவை துறவியருக்கானவை. குடியானவர் வீட்டில் இதற்கென்று கூரையும் கதவும் வைத்த தனியறை கிடையாது. கோட்டைக்குள் அடைபட்டு வாழ்ந்த ஐரோப்பியருக்கு அது வேண்டியிருந்தது. காலிக் கோட்டைக்குள் அவர்கள் அமைத்த நிலத்தடி வடிகால்களைக் கடலின் ஏற்றவற்றமே கழுவிச் சென்றது. பொருள் புதிதாக வந்தபோது பெயரும் கூடவே வந்தது. வாங்கியவர்கள் அதை வெறும் பெயராகத்தான் வாங்கினார்கள். வெட்கமும் வசையும் அதில் இல்லை. அதனால்தான் பிற்காலத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என எல்லா இடத்திலும் எல்லோரும் கூசாமல் சொல்லும் சொல்லாக அது இருந்தது.

இந்த இடத்தில் சிலாபத்துக்கு உரிய ஒரு பெரியவரை நினைவுகூராமல் போக முடியாது. சைமன் காசிச்செட்டி அவர்கள் 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். ஒல்லாந்தர் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த 1796இலிருந்து பதினோராண்டு மட்டுமே தள்ளிப் பிறந்தவர். இலங்கையின் இடங்களை அகரவரிசையில் விளக்கிய அவருடைய நூல் 1834இல் வந்தது. தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் வந்தது. சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். ஆட்சி ஆங்கிலேயருடையதாக மாறிய பின்னும் மக்கள் கந்தோர் என்றும் நொத்தாரிசு என்றும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் வாழ்ந்த பன்மொழியறிஞர் அவர். இடப்பெயர்களையும் சாதி வழக்கங்களையும் பதிவுசெய்யத் தகுந்த செய்திகள் என்று மதித்து எழுதிய அந்த மனம்தான் இன்றைய என் பேச்சுக்கு முன்னோடி.

இனி அந்தச் சொல் எப்படி அழுக்கானது என்று பார்ப்போம். இந்த உரையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஆங்கிலேயர் காலத்தில் பட்டினங்கள் நெருங்கின. நகரசபைகள் வந்தன. வீட்டுக்கு வீடு வாளிக் கக்கூசு வந்தது. பின்புறத்தில் ஒரு சிறு கதவு. காலையில் ஒருவர் வந்து வாளியை எடுத்துக் கொட்டிக் கழுவி வைக்க வேண்டும். அந்த ஒருவர் யார்? இந்த வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் நகரசபை வரிசைக் குடியிருப்புகளில் குடியமர்த்தினார்கள். அருந்ததியர் சமூகத்தவர் அவர்களில் மிகப் பலர். தெலுங்கும் தமிழும் பேசியவர்கள். நகரத்தை நோயிலிருந்து காத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நாம் கொடுத்தது தனிக் குவளையும் வாசலுக்கு வெளியே நிற்கும் இடமும். 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோது இவர்களில் பலரும் அதே வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். பள்ளியில் இவர்களுடைய பிள்ளைகளை அழைத்த பெயரில் அந்த ஒல்லாந்தச் சொல்லை ஒட்டவைத்தார்கள். சகமாணவர்களைக் கக்கூசுக்காரன் மகன் என்று கூப்பிட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

ஒல்லாந்தன் வாயில் முரடாக இருந்த சொல் நம் வாயில் இருநூறு ஆண்டு சாதாரணச் சொல்லாக வாழ்ந்தது. அதை மறுபடி இழிசொல்லாக்கியது நாம் கடைப்பிடித்த சாதி. அழுக்கு அந்தச் சொல்லோடு கடல் கடந்து வரவில்லை. இங்கே, நம் வீடுகளின் பின்கதவில், நாமே ஏற்றியது.

கேரளத்திலும் இதே கதைதான். ஆலப்புழையின் துப்புரவுத் தொழிலாளர் மூன்று தலைமுறைகளைத் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் நாவலாக்கினார். சுந்தர ராமசாமி அதைத் ‘தோட்டியின் மகன்’ என்று தமிழாக்கினார். மாணவர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும். இந்தியாவில் மனிதர் மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று வந்தது. 1993 முதல் சாக்கடைக் குழிகளில் இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்த பின்னும் சாவு நிற்காததால்தான் தொகை உயர வேண்டியிருந்தது. 2017இல் தமிழ்நாட்டில் திவ்யபாரதி எடுத்த ஆவணப்படத்துக்கு அவர் வைத்த பெயர் ‘கக்கூஸ்’. அந்தப் பெயரை நான் மிகவும் மதிக்கிறேன். கழிப்பறை என்றோ சுகாதார வளாகம் என்றோ வைத்திருந்தால் பார்ப்பவருக்குச் சுருக்கென்று தைத்திருக்காது. தொழிலாளர் தாம் சொல்லும் சொல்லையே அவர் தலைப்பில் வைத்தார். இடக்கரடக்கல் சில வேளை மானத்தைக் காக்கும், சில வேளை குற்றத்தை மறைக்கும். எந்த வேளை எது என்று அறிவதுதான் எழுதுபவரின் பொறுப்பு.

நாம் என்ன செய்தோம்? சொல்லை மாற்றினோம். இலங்கையில் அரச பலகைகளில் மலசலகூடம் வந்தது. தமிழ்நாட்டில் கழிப்பறையும் கழிவறையும் வந்தன. வீட்டுப் பேச்சில் லெட்ரின், பாத்ரூம், டொய்லட், வோஷ்றூம் என்று பத்தாண்டுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே வருகிறோம். ஒவ்வொரு புதுச்சொல்லும் சில காலத்தில் பழைய வாடை ஏறி நிற்கிறது, அடுத்ததைத் தேடுகிறோம். இது எல்லா நாட்டிலும் நடப்பது. ஒல்லாந்தரின் மறைவிடச் சொல்கூடப் பின்னாளில் அவர்கள் மொழியிலேயே வசைச் சொல்லாகிப்போனது. டொய்லட் என்பது பிரெஞ்சில் ஒரு சிறு துணியைக் குறித்த சொல். பெயர் மாற்றத்தை நான் குறைசொல்லவில்லை. மலசலகூடம் என்று பலகை மாட்டியபின் அதைக் கழுவுகிறவருக்குக் கையுறை கொடுத்தோமா, நிரந்தர நியமனம் கொடுத்தோமா, தேநீர்க் கடையில் அதே குவளையில் தேநீர் கொடுத்தோமா என்பதுதான் என் கேள்வி. சொல் மாறிய வேகத்தில் இவை மாறவில்லை.

கடைசியாக இந்த ஊருக்குரிய ஒரு செய்தி. நீர்கொழும்பு முதல் புத்தளம் வரை உள்ள கரையில் தமிழ் பேசிய ஊர்கள் பல. இருபதாம் நூற்றாண்டில் பாடசாலைகளின் போதனாமொழி சிங்களமாக மாறியதோடு, அந்த ஊர்களில் பலவற்றின் வீட்டுமொழியும் மாறிவிட்டது. பாட்டி தமிழில் செபிக்கிறார், பேரன் சிங்களத்தில் பதில் சொல்கிறான். உடப்பைப் போன்ற ஊர்களில் தமிழ் இன்னும் உயிரோடு நிற்கிறது. மாறிய ஊர்களிலும் பழைய சொற்கள் எல்லாம் போய்விடவில்லை. வலைக்கும் வள்ளத்துக்கும் காற்றுக்கும் மீனுக்கும் உள்ள பெயர்கள் தங்கியிருக்கின்றன. இந்தக் கரையில் ஒரு சிங்கள வீட்டுக்கும் தமிழ் வீட்டுக்கும் பொதுவான சொற்களை எடுத்தால் கந்தோரும் லாச்சியும் போஞ்சியும் துட்டும் கக்கூசும் முதல் வரிசையில் வரும். இரு வீட்டாரின் முன்னோரும் ஒரே துறையில் ஒரே எசமானுக்கு வேலை செய்தவர்கள் என்பதை இந்தச் சொற்கள் சொல்கின்றன. நம் இரு சமூகத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இதைக் கற்பித்தால் நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளுக்கொரு குறிப்பேடு வாங்குங்கள். சொல், அதைச் சொன்னவரின் வயது, ஊர், செய்த தொழில், சிங்களத்தில் அதே சொல் எப்படி வழங்குகிறது, எந்த வேளையில் சொல்வார்கள் என்று எழுதுங்கள். முதலில் ஆசிரியரிடமும் புலவரிடமும் போகாதீர்கள், அவர்களுக்குத் தெரிந்தவை ஏற்கெனவே அச்சில் இருக்கின்றன. மீன் சந்தையில் கூடை தூக்கும் அம்மாவிடம் போங்கள். வள்ளத்தை ஓய்த்துவிட்டுத் திண்ணையில் இருக்கும் ஐயாவிடம் போங்கள். பஸ் நிலையத்து மலசலகூடத்தைக் காலையில் கழுவும் பணியாளரிடம் போங்கள். பெயர் கேட்டு, அண்ணா என்றோ அக்கா என்றோ அழைத்து, உட்கார வைத்துப் பேசுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களில் அவையில் சொல்லக் கூசுபவை இருந்தால் அவற்றையும் விடாமல் எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் நீங்கள் அந்தக் குறிப்பேடுகளை வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது அந்த அம்மாவும் ஐயாவும் அந்தப் பணியாளரும் முன்வரிசையில் அமர்ந்திருக்க வேண்டும். அவர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பும் பொறுப்பை அறக்கட்டளையார் இப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.